கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்

ஒரு வேலையாக நாகப்பட்டினம் போகிறேன் என்று சொன்னபோது, திருச்சி காட்டூரில் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, துறைமுகத்துப் பக்கம் போனா ஒண்ணு பாத்துட்டு வாங்க. கடல்லேருந்து பாத்தா ரயில் தெரியுமா?"

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில், இவருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, அப்பா மலேயாவுக்குக் கப்பலேறினார். அம்மாவும் இவரும் வழியனுப்பப் போனார்கள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அப்பா படகில் போய்விட்டார். கப்பல் எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை, திருச்சி ரயிலுக்கோ நேரமாகிவிட்டது. கப்பல் நிற்கும்போதே இவர்கள் புறப்பட வேண்டியதாயிற்று. "ஜன்னல் வழியா கையை ஆட்டிக்கிட்டே வந்தேன் தம்பி. சிக்கல் தாண்டியும் ஆட்டினேன். கீவளூர்லதான் அம்மா புடிச்சு உள்ள இழுத்துச்சு."

அப்பா சில வருடங்களில் திரும்பி வந்தார். காட்டூரில் மனை வாங்கி வீடு கட்டினார். பேரப்பிள்ளைகளைப் பார்த்து, வயதாகித்தான் போனார். "அப்ப அவரையே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு" என்றார் பெரியவர்.

இதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. இதை வருத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கேட்காமல் விட்டோமே என்று எல்லோருக்கும்தான் ஏதாவது இருக்கிறது. அவர் குரலில் வருத்தம் இல்லை. அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார், அதனால்தான் கேட்கவில்லை என்பதுபோல என் காதில் விழுந்தது. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த இருவருக்கு நடுவே அந்த ரயில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

நாகப்பட்டினத்தில் வேலையை முடித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். காவிரிப் பாசனத்தின் கடைசித் தண்ணீர் கடுவையாறாக வந்து கடலில் சேரும் இடம். மீன்பிடிப் படகுகள் நின்றன. ஸ்டேஷன் ஒன்றும் தொலைவில் இல்லை, ஆனாலும் அங்கிருந்து ரயிலை மறைக்க எத்தனையோ கட்டடங்கள். அவர் கேட்டது கரையிலிருந்து அல்லவே. கப்பல் நின்ற இடத்திலிருந்து. அங்கே போய் நான் நிற்க முடியாது. கரி எஞ்சின் காலம் அது, புகை தெரிந்திருக்கலாம். புகை தெரிவதும் பிள்ளையின் கை தெரிவதும் ஒன்றா?

கடலிலிருந்து பார்த்தால் இந்த ஊரில் என்ன தெரியும் என்பது பழைய கேள்விதான். எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. இராசராசன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பினான். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றிருக்கிறது. கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் 1846-ல் அதைப் பார்த்து எழுதி வைத்தார். 1867-ல் இயேசு சபையார் அனுமதி வாங்கி இடித்துவிட்டார்கள். பெரியவரின் அப்பா படகேறிய காலத்தில், திரும்பிப் பார்த்தால் கண் நிற்பதற்கு அந்தக் கோபுரம் இல்லை.

கோபுரம் போனது மட்டுமல்ல, அந்த ஊரின் பாதி எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே இந்தப் பாதையைத் துறைமுகத்திலிருந்துதான் தொடங்கியது. 1861-ல் தஞ்சாவூர் வரை, மறு ஆண்டு திருச்சி வரை. அதன் பிறகு ஒவ்வொன்றாக மேற்கே நகர்ந்தன. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு வந்தது. ரயில்வேயின் தலைமையிடம் வந்தது. 1928-ல் பட்டறையே பொன்மலைக்கு வந்தது. பெரியவருக்குச் சோறு போட்டது அந்தப் பட்டறைதான். அப்பாவைக் கொண்டுபோன ஊர், வேலையாக மாறி அவர் வீட்டு வாசலுக்கே வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

அந்தக் கப்பல்களும் போய்விட்டன. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் எண்பதுகளில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள். அதோடு மலேயாக் கப்பல் போக்குவரத்தும் முடிந்துபோனது. 2023-ல் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் படகு விட்டபோது துறைமுகத்துக்கு மறுபடி பயணிகள் வந்தார்கள். இப்போது சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் எங்கள் ஊரிலிருந்தே விமானம். மகன் ஏறிய விமானம் கடலுக்கு மேலே எங்கே போகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே ஒரு அம்மா வெளியே காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு கேள்வி மிஞ்சாது. அது நல்லதுதானே?

சின்ன வயதில் நாங்கள் தண்டவாளத்து ஓரம் நின்று தஞ்சாவூர் ரயிலுக்குக் கை ஆட்டுவோம். பதிலுக்குச் சிலர் ஆட்டுவார்கள். எனக்கா, பக்கத்தில் நிற்கும் பையனுக்கா என்று சண்டையே வந்திருக்கிறது. யாரும் ஆட்டாத நாளிலும் கடைசிப் பெட்டி வரை ஆட்டுவோம். கை ஆட்டுவது பார்க்கப்படுவதற்காக அல்ல, ஆட்டுகிறவனுக்காகவே என்று இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். நான் வந்தும் பார்த்தேன். ஆனால் நாங்கள் ஆட்டியது முகம் தெரியாதவர்களுக்கு. கீவளூர் வரை ஆட்டிய பிள்ளைக்கு இந்த ஞானம் எதற்கு ஆகும்? தன் அப்பா கப்பலின் எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் அவனுக்கு வேண்டும். கரையைப் பார்த்த பக்கமா, கிழக்கே போகும் கடலைப் பார்த்த பக்கமா?

ஊருக்கு வந்த பிறகு பெரியவரைப் பார்த்தேன். "போன வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார். ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் என்னிடம் பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டாரா, யாரிடமாவது ஒருமுறை கேட்டு வைத்தால் போதும் என்று கேட்டாரா, தெரியவில்லை.

நெருங்கியவர்களிடம் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். பேசித் தீர்த்திருந்தால் பெரியவருக்கு ஒரு "ஆமாம்" கிடைத்திருக்கும், அல்லது ஒரு "இல்லை". ஆமாம் என்றால் அந்த நாள் அவருக்கு எப்போதோ மறந்துபோயிருக்கலாம். இல்லை என்றால் திரும்பி வந்த அப்பாவோடு அத்தனை வருடம் அதே இணக்கத்தில் வாழ்ந்திருப்பாரா? கேட்காததால்தான் அன்பு கெடாமல் இருந்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. கேட்கத் துணியாத அன்பு என்ன அன்பு என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டிலும் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பதில் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள்.