எத்தனை நாள் அழலாம்?

துக்க வீட்டில் நாம் பேசுகிற சொற்களை எவரேனும் எழுதி வைத்து, ஓராண்டு கழித்து நமக்கே வாசித்துக் காட்டினால் நம்மில் பலர் வெட்கித் தலைகுனிய நேரும். ‘ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார்’ என்போம். ‘அழாதே, அழுதால் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி கிடைக்காது’ என்போம். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, உணவு பரிமாறி, பந்தலும் பிரிக்கப்பட்டுவிட்டால் அந்த வீட்டின் கண்ணீருக்கும் தவணை முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

திருச்சி பாலக்கரையை ஒட்டிய நம் அன்பியத்தில் ஓர் இளைஞன். வயது இருபத்திரண்டு. புற்றுநோயில் தாயை இழந்தவன். முப்பதாம் நாளும் கடந்து மூன்று மாதமான பின்பும், வேலை முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ஓர் ஆங்கில இசையைக் கேட்டபடி இருந்தான். யானை நடப்பது போன்ற கனத்த ஒலி. அதற்கு மேலே ஓலமிடுவது போன்ற ஒரு குரல். பயந்துபோன அவன் தந்தை நம்மை அழைத்தார். நாமும் சென்று, ஆராயாமலே தீர்ப்புச் சொன்னோம்: “தம்பி, இந்தச் சாத்தான் பாட்டை நிறுத்து. அம்மாவுக்காகச் செபமாலை சொல்லு.”

அவன் கோபப்படவில்லை. “செபமாலையும் சொல்றேன் மாமா. ஆனா எத்தனை நாள் அழலாம்னு சபையில சட்டம் ஏதும் இருக்கா?” என்று கேட்டான்.

நமக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாதவன் செய்யத்தக்கது வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் என்பதால், அவன் நீட்டிய ஒலிப்பானை வாங்கிக் காதில் பொருத்திக்கொண்டோம்.

அந்த இசைக்கு ‘டூம் மெட்டல்’ என்று பெயர். ‘டூம்’ என்ற சொல்லை இன்று கேடு, அழிவு என்ற பொருளில் வழங்குகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் தீர்ப்பு. நம் முன்னோர் பொதுத்தீர்வை என்று சொன்ன நாளைத்தான் ஆங்கிலேயர் ‘டூம்ஸ்டே’ என்றனர். ஆக, பெயரிலேயே நமக்கு அந்நியமில்லாத ஒன்று ஒளிந்திருக்கிறது.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்ஹாம். அங்கே தகடு வெட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் கைவைத்து, வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையால் கிதார் மீட்டுபவர் ஆகையால், தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. அவரோ பிளாஸ்டிக் குப்பி ஒன்றை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மீண்டும் வாசிக்கப் பழகினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் இழுப்பையும் தளர்த்தினார். தளர்ந்த தந்தியின் சுருதி தாழ்ந்தது, ஒலி கனத்தது. 1968இல் தொடங்கி, 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘பிளாக் சபாத்’ குழுவின் ஓசையில் அந்த ஆலையின் காயத்துக்கும் பங்குண்டு.

பெயரைக் கேட்டதும் நாம் முகம் சுளிப்பது இயல்பே. ஆனால் அக்குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1971இல் வந்த அவர்களது மூன்றாம் இசைத்தட்டில், மரணத்துக்குப் பின் என்ன என்று கேட்டு, கடவுளை எள்ளி நகையாடுவோரை வினவும் பாடலொன்று உண்டு. அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகள், பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் தந்தை செய்துகொடுத்தவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்களது முதற்பாடலில் ஒலிக்கும் இரு சுரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ‘இசையில் சாத்தான்’ என்று ஐரோப்பியர் அழைத்தனர். திருச்சபையே அதைத் தடைசெய்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. அந்தத் தடைக்குச் சான்று இல்லை. அது வேறொன்றுமன்று, நம் சட்ஜமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரமே. கல்யாணி ராகம் பாடும் வீடுகளில் அது நாள்தோறும் ஒலிக்கிறது. நம்மவர் எவரும் அதில் சாத்தானைக் கண்டதாகச் செய்தியில்லை.

அன்று நம் காதில் ஒலித்தது ‘பிளாக் சபாத்’ அன்று. அதன் வழிவந்த ‘டிரபிள்’ என்ற அமெரிக்கக் குழு. பெயரின் பொருள் ‘துன்பம்’. 1979இல் சிகாகோவை அடுத்த ஆரோரா நகரில் தொடங்கியது. எரிக் வாக்னர் பாட, புரூஸ் ஃபிராங்க்ளின், ரிக் வார்ட்டெல் என்ற இருவர் கிதார் வாசித்தனர். 1984இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு, பின்னாளில் ‘ஒன்பதாம் திருப்பாடல்’ என்ற பெயரால் அறியப்படலாயிற்று. அப்பெயரில் அதில் ஒரு பாடலே உண்டு. அடுத்த ஆண்டு வந்ததன் பெயர் ‘மண்டையோடு’. இளைஞனின் கறுப்புச் சட்டையில் பொறித்திருந்த மண்டையோட்டை நாம் அருவருப்புடன் பார்த்திருந்தோம். கல்வாரி என்ற சொல்லுக்குப் பொருளே மண்டையோடு என்பதும், நம் பழைய பாடுபட்ட சுரூபங்களின் அடியில் அது செதுக்கப்பட்டிருப்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆவியும் பேயும் பாடிப் பணம் பண்ணியோர் மலிந்திருந்த அக்காலத்தில், திருவிவிலியத்தைத் தொட்டுப் பாடிய இக்குழுவை விற்க இசைத்தட்டு நிறுவனம் ஓர் உத்தி கண்டது. ‘கறுப்பு மெட்டல்’ என்பதற்கு எதிராக இதற்கு ‘வெள்ளை மெட்டல்’ என்று முத்திரை குத்திற்று. பாடியவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரோ ‘துன்பம்’; விற்றவர்கள் சூட்டியது ‘வெள்ளை’. துக்க வீட்டில் நாம் செய்வதும் இதுதானே? ஒருவன் துன்பம் என்று சொல்லும்போதே, ‘இல்லையில்லை, இது ஆசீர்வாதம்’ என்று அதன்மேல் வேறொரு சீட்டை ஒட்டிவிடுகிறோம்.

அவர்களது ஏற்றமும் இறக்கமும் நெடுங்கதை. 1990லும் 1992லும் ரிக் ரூபின் என்ற பெயர்பெற்ற தயாரிப்பாளரிடம் இரு இசைத்தட்டுகள் செய்தார்கள். நடை சற்று விரைந்தது, மெட்டில் நிறம் கூடியது. ஆனால் எதிர்பார்த்த பெரும்புகழ் வரவில்லை. 1995க்குப் பின் நீண்ட மௌனம். 2007இல் மீண்டும் ஒன்று. மறு ஆண்டே வாக்னர் பிரிந்து, பின்னர் பழைய இசைத்தட்டாகிய ‘மண்டையோடு’ என்ற பெயரிலேயே வேறொரு குழுவில் பாடினார். 2021 ஆகஸ்டில், கொரோனாத் தொற்றால் வந்த நுரையீரல் அழற்சியில், 62 வயதில் காலமானார். அந்த ஆண்டு நம் திருச்சியில் எத்தனை வீடுகளில் அதே நோய் நுழைந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஓயாமாரியில் சிதைகள் காத்திருந்ததும், கல்லறைத் தோட்டத்தில் நால்வருக்கு மேல் நிற்க அஞ்சியதும் நம் கண்முன் நடந்தவை.

இந்த இசையின் தனித்தன்மை அதன் நிதானம். நிமிடத்துக்கு அறுபது தட்டுக்கும் கீழே இறங்கிவிடும் பாடல்கள் உண்டு. ஒரே சுர வரிசை திரும்பத் திரும்ப வரும். ஒரு பாடல் எட்டு நிமிடம், பத்து நிமிடம் நிற்கும். கேட்பவனை அது எங்கும் அழைத்துச் செல்வதில்லை. இருக்கும் இடத்திலேயே இருத்தி வைக்கிறது. நம் வினாவும் இங்குதான் எழுகிறது. துயரத்தில் இப்படித் தங்குவது தகுமா? உயிர்ப்பை நம்புகிறவன் இருட்டில் அமர்ந்திருப்பது நம்பிக்கைக் குறைவன்றோ?

ஒன்பதாம் திருப்பாடலையே எடுத்துக்கொள்வோம். நன்றிப் பாடலாகத் தொடங்குவது அது. ஒடுக்கப்பட்டோருக்கு ஆண்டவர் அடைக்கலம் என்கிறது. ஆனால் நம் பழைய இலத்தீன் விவிலியத்தில் ஒன்பதும் பத்தும் ஒரே திருப்பாடல். நன்றி சொல்லி முடித்த அதே நாவு, மூச்செடுத்துக்கொண்டு, ஆண்டவர் ஏன் தொலைவில் நிற்கிறார் என்று முறையிடுகிறது. எபிரேய எண்ணிக்கை அவற்றை இரண்டாகப் பிரித்தது. நாம் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகிறோம். எண்பத்தெட்டாம் திருப்பாடலோ இருளிலேயே முடிந்துபோகிறது. இறுதியில் ஆறுதலாக ஒரு வரி சேர்க்க எவருக்கும் துணிவு வரவில்லை. திருச்சபையும் அதை நீக்கவில்லை.

இறந்தோர் திருப்பலியில் முன்பு பாடப்பெற்ற ‘தியெஸ் ஈரே’ என்ற இலத்தீன் பாடலை நம்மில் மூத்தோர் அறிவர். கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்காத் தன்மை அடக்கச் சடங்கில் தெளிவாக வெளிப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கூறியது. அதைத் தொடர்ந்த சீர்திருத்தத்தில் அப்பாடல் அடக்கத் திருப்பலியிலிருந்து விலகியது. கறுப்புத் திருவுடையின் இடத்தில் ஊதாவும் வெள்ளையும் வந்தன. அது நல்ல மாற்றமே. அச்சத்தை மட்டும் ஊட்டும் சடங்கு நற்செய்தி ஆகாது. எனினும் அச்சத்தை வெளியேற்றும்போது அழுகையையும் சேர்த்து வெளியேற்றிவிட்டோமோ என்ற ஐயம் நமக்குண்டு. சங்கம் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னவர்கள் நாம்.

அவன் நண்பன் திருவரங்கத்துப் பிள்ளை. இருவரும் வாரம் ஒருமுறை உத்திர வீதியில் நண்பனின் வீட்டு மாடியில் கிதார் பழகுவார்கள். பெங்களூரில் ‘பேவர் ஸீ’ என்ற குழு இதே வகை இசையில் 2012இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டதை அங்கேதான் அறிந்தோம். ‘பேவர்சி’ என்ற கன்னட வசைச்சொல்லை ஆங்கில எழுத்தில் உடைத்துச் செய்த பெயராம் அது. வாரிசற்றவன், நாதியற்றவன் என்பது பொருள். தாயற்ற பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டே விளக்கினான்.

அந்த வீட்டுப் பெரியவர், நண்பனின் பாட்டனார், நாம் வந்த காரணத்தை அறிந்து வேறொன்று சொன்னார். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அரங்கன் திருமுன் அரையர்கள் தாளமேந்தி நின்று திவ்வியப் பிரபந்தம் சேவிப்பார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஏழாம் பத்தின் இரண்டாம் திருமொழி இந்த ஊரைப் பற்றியது. இரவும் பகலும் கண்ணீர் விடும் மகளைப் பற்றி அவள் தாய் அரங்கனிடமே முறையிடுகிறாள்: இவளை என்ன செய்யப் போகிறாய் என்று. மகளை அடக்குவதில்லை, அதட்டுவதில்லை. பாட்டுக்குப் பாட்டு அவள் அழுகையையே எடுத்துச் சொல்லி இறைவனைக் கேட்கிறாள். “அதை அவசரமாச் சேவிக்க முடியாது, சார். அவசரப்பட்டா அந்தப் பொண்ணு அழல்லேன்னு ஆயிடும்” என்றார் பெரியவர்.

நமக்குச் சுருக்கென்றது. அந்தத் தாய் செய்ததை நாம் செய்யவில்லையே. நம் வீட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், மகனை இழந்த மரியன்னையின் துயரத்துக்கென்றே ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பாடினார். முடிந்த சொல்லிலேயே மீண்டும் தொடங்குவது அந்தாதி. அழுகையும் அப்படித்தானே முடியாமல் சுழல்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. துயரம் ஒரு சுவையாகிவிடக் கூடும். சட்டையில் அச்சடித்து விற்கும் துயரமும், கைதட்டலுக்காக நீட்டப்படும் துயரமும் உண்டு. சிலுவையைப் பழிப்பதையே தொழிலாகக் கொண்ட குழுக்களும் உண்டு. நம்பிக்கையிழப்பு பாவம் என்ற திருச்சபையின் போதனையும் வீண்பேச்சன்று. உண்ணாமல் உறங்காமல் ஒருவன் உருக்குலைந்தால் அவனுக்கு வேண்டியது பாட்டுமன்று, நம் பிரசங்கமுமன்று, மருத்துவர். ஆயினும், துயருக்கு மருந்து கூறுமிடத்தில் புனித தோமா அக்குவினாஸ் கண்ணீரையும் நண்பரின் பரிவையும் உறக்கத்தையும் குளியலையும் கூட எழுதி வைத்தார். அவசரத்தை அவர் எழுதவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக இலாசரின் கல்லறை இருக்கிறது. இன்னும் சில நிமிடங்களில் அவனை வெளியே அழைக்கப் போகிறவர் என்பதை இயேசு அறிந்திருந்தார். ஆறுதல் அவர் கைக்குள்ளேயே இருந்தது. ஆயினும் அழுதார். வரப்போகிற மகிழ்ச்சியைக் காட்டி மரியாவின் அழுகையை அவர் நிறுத்தவில்லை. அவளோடு தாமும் சேர்ந்துகொண்டார். ‘எத்தனை நாள்’ என்று நம்மைக் கேட்டவனுக்கு நாம் சட்டம் தேடினோம். நான்கு நாளான பிணத்தின் முன்பும் அழுதவர் ஒருவர் நம்மிடம் இருந்தும், அவரை எடுத்துச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாளன்று மாலை தோட்டத்தில் அவனைக் கண்டோம். தாயின் கல்லறையைக் கழுவி, சாமந்தி சாத்தி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பக்கத்துத் திண்டில் அமர்ந்திருந்தான். ஒரு காதில் ஒலிப்பான். குருவானவர் மந்திரித்துக்கொண்டே கடந்து போனார். கூட்டமும் அவர் பின்னே நகர்ந்தது. நாம் அவன் அருகில் போய் உட்கார்ந்தோம். மற்றொரு ஒலிப்பானை நம்மிடம் நீட்டினான்.

“வீட்டுக்குப் போகலையா, தம்பி?”

“பாட்டு முடியல மாமா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

காற்றில் திரி அணைந்தது. அவன் எழுந்து மறுபடியும் ஏற்றிவிட்டு வந்து அமர்ந்தான்.