மூக்கு எழுதும் தீர்ப்பு

பிறர் தட்டைப் பார்த்து ஒருமுறையாவது முகம் சுளிக்காத மனிதர் இல்லை. 'உவ்வே' என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. யோசிக்க இடமே கொடுக்காமல் வருவதால், அந்த உணர்வு ஏதோ இயற்கை உண்மை போலத் தோன்றிவிடுகிறது. உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872-இல் வெளியிட்ட நூலில் சார்லஸ் டார்வின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். தென் அமெரிக்காவின் தென்கோடியான தியெரா டெல் ஃபியூகோவில் அவர் பதப்படுத்திய இறைச்சி தின்றுகொண்டிருந்தபோது, அந்த மண்ணின் மனிதர் ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் கொழகொழப்பு அவருக்குக் குமட்டியது. அவர் விரல் பட்டுவிட்டதே என்று டார்வினுக்குக் குமட்டியது. அந்தக் கை அழுக்காகத் தெரியவில்லை என்பதையும் டார்வினே எழுதியிருக்கிறார். ஒரே இறைச்சித் துண்டு, இரண்டு அருவருப்பு. யார் பக்கம் சரி என்று கேட்டால் விடை கிடையாது. ஆனால், ஒருவரை நாகரிகர் என்றும் மற்றவரைக் காட்டுமிராண்டி என்றும் உலகம் எழுதிக்கொண்டது. அருவருப்பு ஆளை எடைபோடும் தராசாக மாறலாமா என்பதே என் கேள்வி. மாறக்கூடாது என்பது என் வாதம்.

உலகின் அருவருப்பான உணவுகளைப் பட்டியலிடுவோர் தவறாமல் சேர்ப்பது ஐஸ்லாந்தின் ஹவுகார்ல். கிரீன்லாந்து சுறாவின் இறைச்சி அது. இந்தச் சுறாவைப் பிடித்த கையோடு தின்றால் ஆபத்து. அதன் தசையில் யூரியாவும் டிரைமெத்திலமைன் ஆக்சைடும் நிறைந்திருக்கின்றன. இரண்டாவது பொருள் குடலுக்குள் நஞ்சாக மாறி, குடித்தவரைப் போலத் தள்ளாட வைத்துவிடும். ஆகவே மீனைத் துண்டு போட்டு, சரளை மணலில் தோண்டிய குழியில் புதைத்து, மேலே கற்களை அடுக்கினார்கள். கல்லின் பாரத்தில் நீர் கசிந்து வடியும். நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். 6 முதல் 12 வாரம் கழித்துத் தோண்டியெடுத்து, காற்றோட்டமான கொட்டகையில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். பழுப்பேறிக் காய்ந்த மேற்புறத்தைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே வெளிறிக் கிடக்கும் சதையைச் சிறு கட்டிகளாக நறுக்கித் தின்பார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த அம்மோனியா நெடி, நஞ்சை முறித்த வேலையின் மிச்சம். தானியம் சரிவர விளையாத, உப்புக்கும் விறகுக்கும் தட்டுப்பாடாக இருந்த தீவில், ஆளை வீழ்த்தும் மீனை நெடுநாள் வைத்துத் தின்னும் உணவாக்கியிருக்கிறார்கள். அதற்கு எத்தனை தலைமுறையின் கவனம் தேவைப்பட்டிருக்கும்! அதைப் போய் 'அழுகல்' என்று ஒதுக்குபவர் தம் அறியாமையைத்தான் சொல்கிறார்.

நெடி பொருளில் இருக்கிறது. அருவருப்போ பெரும்பாலும் நம் தலைக்குள் இருக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அமிலக் கலவையை ஒருமுறை பார்மசான் பாலாடைக்கட்டி என்றும் மறுமுறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். பாலாடைக்கட்டி என்றபோது நல்ல வாசனை என்றவர்கள், வாந்தி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உளவியலாளர் பால் ரோசின், கிருமிநீக்கம் செய்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துக் குடிக்கக் கொடுத்தார். கிருமி இல்லை என்று தெரிந்தும் பலர் தொடவில்லை. தவழும் குழந்தைக்கு இந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். எதற்கு முகம் சுளிக்க வேண்டும் என்பதை வீடுதான் பிறகு சொல்லிக் கொடுக்கிறது. பெருங்காயத்தின் கந்தக நெடி நமக்கு ரசத்தின் மணமானதும், நெத்திலிக் கருவாடு ஒரு வீட்டில் நாவூறச் செய்து அடுத்த வீட்டில் ஜன்னலை மூட வைப்பதும் இப்படித்தான்.

அருவருப்பு நம்மை நோயிலிருந்து காக்கும் அரண் அல்லவா, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கெட்டுப்போன பாலைக் கீழே ஊற்ற வைப்பதும் அதே உணர்வுதான். ஆனால் அந்தக் காவலாளிக்குக் கண் கொஞ்சம் மங்கல். அலாஸ்காவின் பழங்குடிகள் மீன் தலைகளைப் புல் விரித்த மண்குழியில் புளிக்கவைத்து உண்டவர்கள். பின்னாளில் குழிக்குப் பதிலாக மூடியிட்ட பிளாஸ்டிக் வாளிகள் வந்தபோதுதான், காற்றுப் புகாத இடத்தில் வளரும் நுண்ணுயிர் உண்டாக்கும் பாட்டுலிச நஞ்சின் ஆபத்து கூடியது. ஆக, பார்க்கச் சுத்தமான வாளியே ஆபத்தானது. அந்த நஞ்சு கலந்திருப்பது மூக்குக்குத் தெரியாமலே போகலாம். உணவு பாதுகாப்பானதா என்று அறிய, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்க வேண்டும். முகர்ந்து பார்த்தால் மட்டும் போதாது.

அப்படியானால் மரபு என்ற பெயரில் எதையும் ஒப்புக்கொள்வதா என்பது அடுத்த ஆட்சேபம். இல்லை. கொடுமையையும் அழிவையும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கிரீன்லாந்து சுறா மெல்லப் பெருகும் உயிரினம் என்பதால் அதைப் பிடிப்பதையும் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை மூக்கிடம் ஒப்படைக்க முடியாது. பிரான்சின் ஃபுவா கிராவுக்காக வாத்தின் தொண்டைக்குள் குழாயைச் செருகித் தீனியைத் திணித்து, கல்லீரலைக் கொழுக்க வைக்கிறார்கள். அது மணமாக, மென்மையாக, வெள்ளித் தட்டில் வருகிறது, யாருக்கும் குமட்டுவதில்லை. ஒடிசாவின் மயூர்பஞ்சில் சிவப்பு எறும்பை இஞ்சி, பூண்டு, மிளகாயோடு அரைக்கும் துவையலைப் பற்றிக் கேட்டதும் பலருக்குக் குமட்டுகிறது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தீங்கைக் கண்டு தூங்கி, புதுமையைக் கண்டு குரைக்கும் உணர்வை அறத்துக்கு அளவுகோலாக்குவது எப்படி?

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் எளியவர்கள். 2017-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் எலியை வாயில் கவ்விப் போராடினார்கள். அவர்கள் துயரம் உண்மை. ஆனால் வயல் எலியைப் பிடித்துச் சுட்டு உண்ணும் இருளர் குடும்பத்துக்கு அது வெறும் உணவு. இருளர்களின் சாப்பாடே இழிவின் உச்சம் என்று நாடு எடுத்துக்கொண்டபோது, அவர்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு கிடையாது என்கிற வீட்டுக்காரரும், மதிய உணவுப் பாத்திரத்தைத் திறந்த சிறுமியைப் பார்த்து மூக்கைப் பொத்தும் வகுப்பும் செய்வது இதையேதான். பிடிக்காததை உண்ண யாரும் யாரையும் வற்புறுத்த முடியாது. 'எனக்கு வேண்டாம்' என்பது முழு உரிமை. 'நீ இதையா தின்கிறாய்?' என்று கேட்க அந்த உரிமை இடம் தராது. முகம் சுளிப்பதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். அதற்கு அடுத்து வாயைத் திறப்பது நம் கையில்தான் இருக்கிறது.