தொடங்கியவரே முடிக்க வேண்டுமா?

தொடங்கிய பணியைத் தானே முடிப்பவரை உலகம் போற்றுகிறது. இடையில் விடுபவரை ஐயுறுகிறது. இந்தப் போற்றுதல் எப்போதும் அறத்தின்பாற்பட்டதுதானா என்பதை அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

கிரிக்கெட்டில் ஆறு பந்துகள் முடிந்ததும் வேறொருவர் வீச வருகிறார். பேஸ்பாலில் அவ்வாறன்று. தொடங்கியவரே ஒன்பது சுற்றுகளும் எறியலாம். மாற்றப்பட்டாலோ, அன்றைய ஆட்டத்திற்கு மீண்டும் வர இயலாது. விலகாமல் இறுதிவரை எறிவதை முழு ஆட்டம் என்பர். ஆண்டுதோறும் அதில் முதல்வர் யாரெனக் கணக்கும் வைக்கின்றனர். 1890 முதல் 1911 வரை ஆடிய சை யங் முடித்தவை 749. 1904இல் ஜாக் செஸ்ப்ரோ ஒரே பருவத்தில் 48 ஆட்டங்களை முடித்தார். 2022இல் முதலிடம் பெறச் சாண்டி அல்காண்டராவுக்கு ஆறே போதுமானதாயிற்று. அவரும் 2023இல் முழங்கை அறுவைக்கு உள்ளாகி, மறு ஆண்டு முழுவதும் ஆடவில்லை.

மனிதர் மெலிந்துவிட்டனர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு பந்தும் முழு விசையோடு எறியப்படுகிறது. அந்நாளில் எறிந்தவர்கள் வலிமையைச் சேமித்துச் செலவிட்டனர்.

1980ஆம் ஆண்டின் ஓக்லாந்து அணியே நம் வினாவைக் கூர்மையாக்குகிறது. மேலாளர் பில்லி மார்ட்டின். மாற்று எறியாளர்கள்மீது நம்பிக்கை வைக்க இயலாத நிலை. 162 ஆட்டங்களுள் 94 முழு ஆட்டங்கள்; ஒன்று நீங்கலாக அனைத்தும் ஐந்து இளைஞர்களின் தோள்களால் ஆனவை. ரிக் லாங்ஃபோர்ட் மட்டும் 28. அவற்றுள் 22 தொடர்ச்சியானவை. மைக் நாரிஸ் 24, மாட் கியோ 20. மறு ஆண்டு அணி உயர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் இம்மூவரின் கைகளும் நலிந்தன; பழைய திறன் திரும்பவில்லை. 1982க்குப் பின் மார்ட்டினும் நீக்கப்பட்டார். அளவு மீறிய உழைப்பே காரணம் என்று பலர் கூறினர்; அதனை ஐயமற நிறுவுதல் அரிது. எனினும், தமக்கு உதவியாளர் இல்லாத குறையை இளைஞரின் உடலைக்கொண்டு நிரப்புவது நல்ல தலைமையாகுமா?

"அவர்களே விரும்பினார்கள்" என்பது வழக்கமான விடை. 2015 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸ் அணியின் மாட் ஹார்வி எட்டுச் சுற்றுகளில் ஓட்டமே விடவில்லை. மாற்ற முடிவு செய்திருந்தார் மேலாளர் டெரி காலின்ஸ். ஹார்வி மன்றாடினார், காலின்ஸ் இணங்கினார். ஒன்பதாம் சுற்றில் ஆட்டம் சமனாகி, பன்னிரண்டாம் சுற்றில் கைநழுவியது, கோப்பையும் போயிற்று. ஹார்வி கேட்டதில் பிழையில்லை என்பேன். கேட்பது வீரரின் இயல்பு. மறுக்க வேண்டியவர் மற்றவர்.

மறுத்தவரும் உண்டு. 2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷா ஏழு சுற்றுகளில் ஒருவரையும் தளமேற விடவில்லை. ஒன்பது சுற்றும் அவ்வாறே எறிவது, அதுவரை 23 முறையே நிகழ்ந்த அருஞ்செயல். முந்தைய பருவத்தின் இறுதியில் கை நோவால் விலகியிருந்தவர் அவர். 80 பந்துகளோடு மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவரை நிறுத்தினார். பலர் வெகுண்டனர்; கெர்ஷா அம்முடிவை ஏற்றார். 2025 வரை அவர் ஆடினார்.