கண்டும் அறியாமை

கண் ஒரு பொருளைப் பற்றிய அளவானே அப்பொருள் அறியப்பட்டதாகுமோ என்பது அளவை நூலார் நெடிது ஆராய்ந்த வினா. பொருள் உண்டு என்னும் மாத்திரையாய்த் தோன்றுவது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம் முதலியவற்றோடு துணியப்படுவது சவிகற்பக் காட்சி. ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிவது திரிபு. இப்பகுப்பு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு நெப்டியூன் என்னும் கோளின் வரலாறு சான்று பகரும்.

ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் எட்டனுள் இறுதியில் நிற்பது இக்கோள். நிலவுலகினும் குறுக்களவில் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது. ஞாயிற்றினின்றும் ஏறக்குறைய 450 கோடி கிலோமீட்டர் தொலைவில் நின்று, ஒரு சுற்றினை முடித்தற்கு 165 ஆண்டு வரை கொள்வது. வெறுங் கண்ணுக்கு இது புலனாகாது. சிறு தொலைநோக்கியில் மங்கிய விண்மீன்களுள் ஒன்றாகவே தோன்றும். இரவுதோறும் இடங்குறித்து, விண்மீன்களிடையே இது பெயர்தலை உணர்வார்க்கே கோளென விளங்கும்.

வியாழனை ஆராய்ந்துகொண்டிருந்த கலிலியோ 1612 டிசம்பர் 28ஆம் நாளிலேயே இதனைக் கண்டு குறித்தார். 1613 சனவரி 28ஆம் நாள், இதற்கும் அருகிருந்த விண்மீனுக்கும் உள்ள இடைவெளி முந்திய இரவினும் வேறுபட்டதுபோலும் என்றும் எழுதிவைத்தார். எனினும் கோளெனத் துணிந்தாரல்லர். பின்னர் 1795 மே 8, 10 ஆகிய நாள்களில் பாரிசு நகரில் மிஷேல் லாலண்டு என்பார் இதனை இருமுறை அளந்தார். இரண்டளவும் ஒத்தில. விண்மீன் இடம்பெயராது என்னும் துணிவு உள்ளத்தில் ஊன்றி நின்றமையின், முன்னளவே பிழைபட்டதென அவர் விலக்கினார். கண் பிழைத்திலது, கருவியும் பிழைத்திலது. பிழையெனத் தள்ளப்பட்ட அவ்வேறுபாடே கோளின் இயக்கமாம்.

யுரேனஸ் என்னும் கோள் கணித்த நெறியினின்றும் சிறிது வழுவிச் செல்வதுகொண்டு, அதற்கப்பால் அதனை ஈர்க்கும் பிறிதொரு கோள் உண்டெனக் கருதலளவையால் துணிந்தார் பிரெஞ்சுக் கணிதர் லெவெரியே. அவர் குறித்த இடத்திற்கு ஒரு பாகைக்குட்பட்ட அணிமையில், 1846 செப்டம்பர் 23ஆம் நாளிரவு, பெர்லினில் காலே என்பார் அதனைக் கண்டார். விண்மீன் படத்தொடு ஒப்புநோக்கியபோது, படத்தில் இல்லாத ஒளியொன்று வானில் இருந்தது. கலிலியோ கண்டதும் காலே கண்டதும் ஒரு பொருளே, அறிவே வேறு.

அங்ஙனமாயின், கருதல் காட்சியினும் வலியுடைத்தோ எனின், அன்று. அதே லெவெரியே, புதன் செல்லும் நெறியிலுள்ள வேறுபாடு கொண்டு, ஞாயிற்றின் அணிமையில் காணப்படாத கோள் உண்டென 1859இல் கருதினார். அதற்கு வல்கன் எனப் பெயருமிட்டுப் பல்லாண்டு தேடினர்; அத்தகைய கோள் இன்று. அவ்வேறுபாட்டின் காரணத்தை 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பினைப் பற்றிய புதுக் கொள்கையால் விளக்கினார். காட்சியின் துணைபெறாத கருதல் இங்ஙனம் வழுவுதலும் உண்டு.

இனி, லாலண்டைப் பழித்தல் தகுமோ எனின், தகாது. பல்லாயிரம் விண்மீன்களை அளப்பார்க்கு அளவு பிழைத்தல் இயல்பாதலின், அவர் ஐயுற்றதற்கு இடனுண்டு. மூன்றாம் இரவும் நோக்காது ஐயத்தைத் துணிவாக்கியதே குறை. ஆயினும் தாம் தள்ளிய அளவினையும் கையெழுத்தேட்டினின்றும் அழித்தாரல்லர். 1847இல் அவ்வேடு ஆராயப்பட்டபோது இரண்டளவும் கிடைத்து, கோளின் நெறியைத் திருத்தமாகக் கணித்தற்குப் பயன்பட்டன. தம் கருத்துக்கு மாறாயதனையும் மறையாது வைத்த நேர்மை, அரைநூற்றாண்டு கழிந்தும் பிறர்க்கு அறிவாயிற்று.

உயிரறிவு சிற்றறிவாதலின், பிழையாமை அதற்கு இயல்வதன்று. இயல்வது ஒன்றுண்டு: முன்கொண்ட துணிவுக்கு மாறாயது தோன்றுமிடத்து அதனைப் பிழையென விரைந்து தள்ளாது நின்று நோக்குதல், தள்ளநேரினும் அழியாது காத்தல். வான்பொருளை ஆராய்வார்க்கேயன்றி, மக்களின் குணங்குற்றங்களை ஒருமுறை கண்டு என்றும் இத்தன்மையர் எனத் துணிவார்க்கும் இஃதே முறையாம். நிலைபெற்றது எனத் துணியப்பட்டது உண்மையில் பெயர்ந்துகொண்டிருத்தலும் கூடும் என்க.