பட்டா இல்லாத நிலத்தில் பெய்யும் மழை

காப்பிச் செடியின் மொட்டு மழைக்காகக் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் நல்ல கோடை மழை ஒன்று இறங்கினால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒன்றாகப் பூத்துவிடும். அரைகுறையாகப் பெய்தால் பூப்பும் அரைகுறைதான். பிறகு ஒரே கிளையில் பச்சைக்காயும் பழமும் கலந்து நிற்கும், பறிப்புக்குத் திரும்பத் திரும்ப ஆள் விட வேண்டியிருக்கும். பூத்த அன்றே கனமழை அடித்தால் பிஞ்சு பிடிக்காது. அறுவடை நேரமான டிசம்பரில் கொட்டினால் பழம் உதிரும், களத்தில் காயப்போட்டது பூசணம் பிடிக்கும். செம்மநத்தத்திலும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மற்ற மலையூர்களிலும் சிறு தோட்டம் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு ஒரு வருஷத்து வருமானம் இந்தச் சில மழைநாட்களில் தீர்மானமாகிறது. (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; இவர்கள் பேசுவது தமிழ்.)

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்ளே நகர்ந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஒரு புயலைக் காட்டிக் காலநிலை மாற்றத்தை நிரூபித்துவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். அந்த ஈரம் எங்கோ ஓரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். சாமையும் கேழ்வரகும் விதைத்து, நிழல் மரத்தடியில் காப்பி வளர்க்கும் குடும்பம் காற்றில் சேர்த்த கரியோ கணக்கில் வைக்கும் அளவுக்குக் கூட இல்லை.

தவறு செய்யாதவர் சுமக்கும் சேதத்துக்கு என்ன ஈடு என்பதுதான் கேள்வி. நிவாரணம் என்பது வழக்கமான பதில். புயல் ஓய்ந்ததும் கிராம நிர்வாக அலுவலர் வருவார், பட்டாவையும் அடங்கலையும் பார்ப்பார், கணக்கெடுப்பார். தலைமுறைகளாக உழுத நிலமானாலும் பட்டா இல்லையென்றால் அங்கே அழிந்த பயிர் ஏட்டில் பயிரே அல்ல. உரிமை மறுக்கப்பட்ட இடத்திலேயே நிவாரணமும் மறுக்கப்படுகிறது. இரண்டாவது அநீதி முதலாவதன் தோளில் ஏறி நிற்கிறது. காலநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் இதைப் பேச வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு: இவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளா? காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்றும், ஒருவர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். முதலில் வந்தவருக்கே உரிமை என்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எஸ்டேட்டுகள் நிலம் பிடித்தபோது, எந்தத் துரையிடமும் பூர்வகுடியா என்று கேட்கப்படவில்லை. உரிமையின் வேர் முதலில் வந்ததில் இல்லை. அந்தக் காட்டையும் நிலத்தையும் விட்டால் வேறு வாழ்வு இல்லாத நிலையில் இருக்கிறது. மாவட்ட எல்லைக்கோடு இந்தக் கேள்வியைவிடக் கொடுமையான வேலையைச் செய்கிறது. சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியாக இருக்கும் அதே மக்கள், ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த தடை கனமானது. மலைக்காடு கீழே உள்ள ஊர்களுக்கும் தண்ணீர் தருகிறது. உரிமை கொடுத்தால் அது ரிசார்ட்டாக மாறிவிடாதா? ஏற்காட்டைப் பார்த்தவர் இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமையை விற்க முடியாது, வாரிசுக்கு மட்டுமே போகும். காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கடமையையும் அதே சட்டம் கிராம சபைக்குத் தருகிறது. கிராம சபை தவறாக முடிவெடுக்கக்கூடும், உண்மைதான். இதே மலையில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் தோண்ட அனுமதித்தது எந்தக் கிராம சபை? தவறும் வாய்ப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கையில், தவறின் விலையைக் கொடுப்பவருக்கே முடிவில் முதல் இடம் என்பதே நியாயம்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் வெகுநாள் முடங்கிக் கிடந்தது. நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பத்திரம் தரக்கூடாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவு, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் நீங்கியது. ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று இங்கே எதுவும் அறிவிக்கப்படவில்லை; ஆகவே பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்காட்டுக்கு எட்டாது.

உலகம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவு மக்களைக் கடல்மட்ட உயர்விலிருந்து காக்கப் போதிய நடவடிக்கை எடுக்காததால் அந்த அரசு அவர்களது உரிமையை மீறியது என்று 2022 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று 2024 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அந்த உரிமை செம்மநத்தத்துக்கு வந்து சேர வேண்டுமானால் முதலில் வன உரிமை மனுக்கள் தீர வேண்டும். மனுக்களுக்குத் தேவையான வரைபடங்களும் பதிவேடுகளும் வருவாய்த் துறையிடமும் வனத்துறையிடமும்தான் இருக்கின்றன. அவற்றைக் கிராம சபைக்குக் கொடுத்து உதவுவது அரசின் கடமை என்று சட்ட விதிகளே சொல்கின்றன. அடுத்த டிசம்பர் மழைக்கு முன் அந்தக் காகிதங்கள் மலையேற வேண்டும்.