அரசன் மறந்த ஒரு கடன்



தேர்தற்காலம் வருந்தோறும் நம் சபையின் இளைஞர்கள் ஒரு வினாவை எழுப்புகின்றனர். நாட்டுத் தலைமை ஒரு பௌத்தன் கைக்கு வருமாயின், அவன் முதலிற் செய்யத்தக்கது யாது என்பதே அவ்வினா. விஹாரங்கள் எழுப்புவான் என்பர் சிலர். மதுவை ஒழிப்பான் என்பர் சிலர். கள்வரையும் இலஞ்சம் வாங்குவோரையும் கடுந்தண்டத்தால் அடக்குவான் என்பர் வேறு சிலர். நம் கருத்தைக் கூறுமுன், பகவன் இதற்கு அருளிய விடையைக் காண்போம்.

தீக நிகாயத்திலே சக்கவத்தி சீகநாத சூத்திரம் என்றொன்று உளது. அதில் ஓர் அரசன் வருகிறான். குடிகளுக்குக் காவல் அளித்தான். ஆனால் முன்னோர் செய்துவந்த ஒரு கடனை மட்டும் மறந்தான். வறியோர்க்குப் பொருள் வழங்கவில்லை. வறுமை பெருகிற்று, களவு பிறந்தது. பிடிபட்டவன் ஒருவன், பிழைக்க வழியில்லாமையால் திருடினேன் என்றான். அரசன் இரங்கி அவனுக்குப் பொருள் கொடுத்தான். திருடினால் அரசன் கொடுப்பான் என்று மற்றவரும் திருடினர். வெகுண்ட அரசன் அடுத்துப் பிடிபட்டவனைக் கொல்வித்தான். அதுகண்டு குடிகளும் வாள் செய்வித்துக்கொண்டு கொள்ளையிலும் கொலையிலும் இறங்கினர். பொய் பெருகிற்று. எண்பதினாயிரம் ஆண்டாயிருந்த மனிதர் ஆயுள் தேய்ந்து தேய்ந்து பத்தாண்டாயிற்று என்கிறது அச்சூத்திரம்.

இதனை ஊன்றி நோக்குங்கள். அவ்வரசன் கொடுத்ததும் பயன்படவில்லை; கொன்றதும் பயன்படவில்லை. ஏன்? இரண்டும் காலங்கடந்து செய்தவை. களவு நேர்ந்தபின் இரங்குவதும் ஒறுப்பதும் எளிது. களவு நேராதபடி முன்னரே வாழ்வளிப்பதே அரசு.

எவ்வாறு வாழ்வளிப்பது? கூடதந்த சூத்திரம் அதனையும் விளக்குகிறது. பெருவேள்வி செய்ய விழைந்த மகாவிஜிதன் என்னும் அரசனுக்கு அவன் புரோகிதர் கூறிய அறிவுரை இது: நாடு கள்வரால் அலைப்புறுகையில் புதுவரி விதித்தல் தகாது, சிறையாலும் கொலையாலும் கள்வர் ஒழியார், எஞ்சியவர் மீண்டும் கிளம்புவர், உழுவார்க்கு விதை கொடு, வணிகர்க்கு முதல் கொடு, ஊழியர்க்கு உணவும் கூலியும் கொடு. அரசன் அவ்வண்ணமே செய்தான். குடிகள் கதவு தாழிடாமல் வாழ்ந்தனர். நம் தமிழிலும் மணிமேகலைக் காப்பியத்தில் அப்பிக்குணி மன்னனிடம் வேண்டிப் பெற்றது யாது? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் வரமன்றோ!

நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில் இதனைக் கண்ணாரக் கண்டோம். மூன்று மாதக் கூலி நிலுவையில் நின்றபோது, கழிவுப் பஞ்சை மடியிற் கட்டிச் சென்ற தொழிலாளி வாயிலிற் பிடிபட்டான், வேலை இழந்தான். காவலரைக் கூட்டினர், களவும் கூடிற்று. கூலி தீர்த்த மாதத்திலோ வாயிற் சோதனையில் ஒரு பிடிப் பஞ்சும் அகப்படவில்லை.

இவை ஏட்டுச் செய்திகள் அல்ல என்பதற்கு நாம் வாழும் இம்மைசூர் மண்ணே சான்று. பிரம்மகிரிப் பாறையில் அசோகர் பொறித்த சாசனத்தை 1892-இல் லூயிஸ் ரைஸ் கண்டறிந்தார். பெரியோர் மட்டுமல்லர், சிறியோரும் முயன்றால் மேன்மை எய்தலாம் என்பது அதன் பொருள். மற்றொரு சாசனத்தில், தாம் உண்ணும்போதாயினும் எங்கிருந்தாலும் குடிகளின் குறையைத் தமக்கு அறிவிக்குமாறு அப்பேரரசர் ஆணையிட்டார். பிற்காலத்தில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1913-இல் தொடக்கக்கல்விச் சட்டம் பிறந்தது. அரசுப் பதவிகள் ஒரு வகுப்பார் கையிற் குவிந்திருந்ததை ஆராய 1918-இல் லெஸ்லி மில்லர் தலைமையிற் குழு அமைந்தது. 1921-இல் பிற்பட்டோர்க்கு இடமளிக்கும் ஆணை வெளிவந்தது. கல்வியும் பதவியும், உழுவானுக்கு அளிக்கும் விதையைப் போன்றவையே.

விதை மறுக்கப்பட்ட ஊரையும் அறிவோம். அயோத்திதாச பண்டிதர் காலத்திலேயே தமிழ்த் தொழிலாளரிடையே தம்மம் வேரூன்றிய கோலார் தங்கவயலில், 2001 பெப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன் அகழ்ந்தோர் மக்கள் வேலை தேடி விடியுமுன் பெங்களூர் இரயிலேறுகின்றனர். சுரங்கம் நட்டமாயின் மூடலாம்; ஆனால் மூடுமுன்னரே அம்மக்களுக்கு மாற்றுத் தொழில் காட்டுவதன்றோ அரசன் கடன்?

ஆகவே, தலைமை நமக்கு வாய்க்குமாயின் நாம் செய்வன இவை. உழைத்தவனுக்குக் கூலி நாள் தவறாது கிடைக்கச் செய்வோம். ஓர் ஆலையோ சுரங்கமோ மூடப்படுமுன் அதில் உழைப்போர்க்கு வேறு தொழில் அமைப்போம். ஏழைக் குழந்தையின் பள்ளிக்கே கருவூலத்தை முதலில் திறப்போம். சிறைச்சாலை கட்டக் கேட்கும் அதிகாரியிடம், அவ்வூரில் எத்தனை பேர் வேலையின்றி உள்ளனர் என்று முதலில் வினவுவோம்.

அன்பர்களே! அரியணை நமக்கு வாய்க்கப்போவதில்லை என நகைக்காதீர்கள். 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், பாராளுமன்ற முறைகளைப் பண்டைப் பிக்கு சங்கங்கள் அறிந்திருந்தன என நினைவூட்டினார். வாக்களிக்கும் நாளில் நாம் ஒவ்வொருவரும் அரசரே. அதற்கு முந்திய இரவில் சிலர் பணம் கொண்டு வருவர். அது தானமன்று, விலை. ஐந்தாண்டு வாழ்வளிக்க மறந்தவன், பிடிபடும் காலத்தில் நீட்டும் பொருள் அது. அதைப் பெற்றால், சூத்திரத்து அரசனின் பிழைக்கு நாமும் உடன்பட்டவராவோம். கையேந்தாது நின்று அவனிடம் கேளுங்கள்: விதை எங்கே? முதல் எங்கே? கூலி எங்கே? விடை கூறுவோனுக்கே வாக்களியுங்கள்.

சகல ஜீவர்களும் பசிநீங்கிச் சுகமடைவார்களாக!