நூலாசிரியருக்கு ஒரு மடல்

சென்ற திங்களில் ஒரு மாலைப்பொழுது. குன்றத்தூரில் நம் தெருவில் வாழும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏடும் எழுதுகோலுமாக நம் இல்லத்திற்கு வந்தாள். தன் வாழ்வை மாற்றிய நூல் ஒன்றைத் தேர்ந்து, அதன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி வருமாறு பள்ளியில் பணித்திருந்தார்களாம். "பாட்டி, இந்தப் புத்தகம் என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று தொடங்கலாமா?" என்றாள். "மாற்றியதா, அம்மா?" என்று கேட்டோம். சற்றே விழித்தாள். "படித்தேன், பிடித்தது. மாற்றியதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் பாட்டி."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நாமும் இத்தகைய பயிற்சிகளைத் தந்ததுண்டு. "தங்கள் நூல் என் உள்ளத்தை உருக்கியது" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவோம். நாற்பது பிள்ளைகளும் அதனைப் படியெடுப்பார்கள். பொய்யாமையை விரதமாகப் போற்றும் குடியில் பிறந்திருந்தும், அவை நாற்பது சிறு பொய்கள் என்று நமக்கு அன்று தோன்றவில்லை. புகழ்ச்சியில் கலந்த பொய்யால் யாருக்கு என்ன கேடு எனக் கேட்கலாம். கேடு புகழப்படுபவருக்கு அன்று. மாறிவிட்டேன் என்று எழுதிய பிள்ளை, எழுதியதனாலேயே மாறிவிட்டதாக நம்பிவிடுகிறது.

காந்தியடிகள் தம் வாழ்வில் ஆழப் பதிந்தவர்களாக மூவரைத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்: நேரில் பழகிய ராய்சந்த்பாய், நூல்வழி வந்த டால்ஸ்டாய், ரஸ்கின். சமணச் சான்றோராகிய ராய்சந்த்பாய்க்கு அவர் 1894 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு மடல் விடுத்தார். அதில் இருந்தவை கேள்விகள், இருபத்தேழு கேள்விகள்! ஆன்மா யாது, கடவுள் யார், வீடுபேறு யாது என்றெல்லாம் கேட்டிருந்தார். ஐயம் எழுந்த காலத்திலேயே கேட்டார், விடையும் வந்தது.

டால்ஸ்டாய்க்கு எழுதியதோ வேறு வகை. அவருடைய நூல் தம்மை ஆட்கொண்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். எனினும் முதல் மடல் சென்றது 1909 அக்டோபர் 1 அன்று, இலண்டனிலிருந்து. இடையே பதினைந்து ஆண்டுகள். அம்மடலில் புகழுரை சிறிது. டிரான்ஸ்வால் இந்தியர்களின் அறப்போரைப் பற்றிய செய்தியே பெரிது. ஏறத்தாழ 2,500 பேர் சிறை புகுந்ததை அதில் எடுத்துரைத்தார். நூல் தம்மை என்ன செய்தது என்று சொல்வதினும், அது காட்டிய வழியில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்ல அவரிடம் செய்தி இருந்தது.

அதனோடு நில்லாமல் ஒரு கருத்து வேறுபாட்டையும் எழுதினார். டால்ஸ்டாய் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நெடுங்கடிதத்தை வெளியிட இசைவு கேட்டவர், மறுபிறவியில் நம்பிக்கை வேண்டாம் என்பதுபோல் அதில் இருந்த இடத்தில் அச்சொல்லை மட்டும் நீக்கலாமா என்று வினவினார். தமக்கு அதனை நீக்க விருப்பமில்லை, விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம் என்று எண்பத்தொரு வயது முதியவர் மறுமொழி தந்தார். வணங்கிய இடத்திலும் வளையாமல் நின்ற இப்பகுதிதான், நமக்கு அம்மடலின் உயிராகத் தோன்றுகிறது. மறு ஆண்டு நவம்பரில் டால்ஸ்டாய் மறைந்தார். காந்தியடிகள் இன்னும் ஓராண்டுக்குச் சற்று மேல் காத்திருந்தால் முகவரியே இராது. ரஸ்கினின் நூலை அவர் படித்தது 1904 இல். ரஸ்கின் மறைந்ததோ 1900 இல். பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்ததே அவருக்கு எழுதிய மடல் எனலாம்.

மறைந்த ஆசிரியருக்கு மறுமொழி விடுத்த வேறொருவர் நம் ஊர்க்காரர். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். சோழ மன்னன் திருத்தக்கதேவரின் சிந்தாமணியில் திளைத்திருந்ததைக் கண்டே, அதற்கு மாற்றாகப் பெரியபுராணம் பாடினார் என்பது வழிவழி வந்த வரலாறு. சமணராகிய நமக்கு அது சற்றே உறுத்தும் செய்திதான். ஆயினும் ஒரு நூலை அத்துணை பொருட்படுத்தியவர், அதனைப் படியாமலே பாராட்டுபவரினும் மேலானவர் அல்லரோ?

நம் கதையையும் மறைக்க வேண்டியதில்லை. 1970 இல் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது மு.வ.வின் 'அகல் விளக்கு' படித்தோம். அறிவில் சிறந்த சந்திரன் ஏன் வீழ்ந்தான், அவனைத் தாங்கும் ஆசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால் எழுந்திருப்பானா என்ற கேள்வி பல இரவுகள் உறங்கவிடவில்லை. எழுத நினைத்தோம். நல்ல ஆசிரியை என்று பெயரெடுத்த பின் எழுதுவதே தகுதி என்று தள்ளிவைத்தோம். 1974 அக்டோபரில் மு.வ. மறைந்தார். பின்னர் நம் வகுப்பில் சந்திரன்கள் பலர் வந்தனர். ஒருவனையேனும் தாங்கினோமா என்று இன்றும் துணிந்து சொல்ல இயலவில்லை. கேள்விக்குத் தகுதி எதற்கு என்று அன்று எடுத்துச் சொல்வார் இல்லை.

அந்த மாணவியிடம் முதல் வரியை அடித்துவிடச் சொன்னோம். படித்தபோது எங்கே நின்றாய் என்று கேட்டதற்கு, கதையில் வரும் தாத்தா ஏன் கடைசிவரை வீடு திரும்பவில்லை என்பது தனக்குப் புரியவே இல்லை என்றாள். அதனையே எழுதச் செய்தோம். பத்து வரி நான்கு வரியாகச் சுருங்கியது. "மார்க் குறையுமே பாட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே சென்றாள்.

குறைந்துதான் போயிற்று, பத்துக்கு ஆறு. கடிதத்தையும் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம், அஞ்சலில் சேர்க்கவில்லை. வேறு தாளில் மீண்டும் எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். நூலாசிரியர் நலமாக இருக்கிறார். பதிப்பகத்தின் முகவரி நூலின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.